பரண்மேல் நாயனம்

பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் யாராவது உங்கள் சொந்தத்தில் இருக்கிறார்களா? இருந்தால் உங்களுக்கே தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பரணைத்தான் பார்ப்பார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி முடித்ததும், ‘பெரியவர் பாட்டெல்லாம் விரும்பிக் கேப்பாரோ?’ என்று மெல்ல ஆரம்பிப்பார்கள். கிடைத்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். ஓரத்தை நகத்தால் தடவுவார்கள். லேபிளில் இருக்கும் பொடி நம்பரை வாய்விட்டுப் படிப்பார்கள். வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும்.

நானும் அந்தக் கூட்டம்தான், ஆனால் கடைக்கோடி. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் 40 ஆயிரத்துக்கும் மேல் 78 சுற்று இசைத்தட்டுகளைச் சேர்த்துக் காட்டியவர். மும்பையில் 1990-ல் இப்படிப்பட்டவர்கள் கூடி, தங்களுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். என்னிடம் இருப்பது நூற்றுச் சொச்சம் தட்டு, இரண்டு பெட்டி கேசட். அத்தனையும் நாகஸ்வரம்.

‘ஏன், வாய்ப்பாட்டு பிடிக்காதா?’ என்று கேட்பீர்கள். பிடிக்கும். ஆனால் நான் எழுமலைக்காரன். உசிலம்பட்டி தாண்டி, தென்மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். அங்கே சபா கிடையாது. டிசம்பர் சீசன் என்றால் எங்களுக்குப் பனி, இருமல், அவ்வளவுதான். சங்கீதம் எங்களுக்கு வந்ததெல்லாம் புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய் வழியாகத்தான்.

இந்த ரேடியோ செட் விஷயத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். ரேடியோ இருக்காது, பெயர் மட்டும் ரேடியோ செட். ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரிக்கார்டு பிளேயர், இரண்டு கூம்புக் குழாய், ஒரு தகரப் பெட்டி நிறைய ரிக்கார்டு. 1970-களில் எங்கள் தெருவில் அந்தத் தொழில் செய்தவரை எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். விடிகாலை நாலரைக்குக் குழாய் கரகரக்கும். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அதை மாற்ற யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்தது காருகுறிச்சி அருணாசலம். அதற்குப் பிறகுதான் சினிமா.

1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு அவர் வாசித்த ஆபேரியைக் கேட்காமல் எங்கள் பக்கம் ஒரு தாலி ஏறியிருக்காது. எங்களில் பாதிப் பேருக்கு ஆபேரி என்ற பெயரே தெரியாது. ‘காருகுறிச்சி போடுங்க மாமா’ என்றால் போதும், அவர் புரிந்துகொள்வார். காருகுறிச்சி 1964-லேயே, 43 வயதுகூட ஆகாமல், இறந்துபோனார் என்பது எனக்குத் தெரிந்ததே பிற்பாடுதான். அதுவரை அவர் எங்கேயோ பக்கத்து ஊரில்தான் இருக்கிறார், ஆள் அனுப்பினால் வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழாயில் அவ்வளவு பக்கத்தில் கேட்டது.

அந்தப் பெட்டியில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் இருந்தது. இரண்டு பக்கம். ஒரு பக்கம் மூன்றேகால் நிமிஷம் ஓடி முடிந்ததும், மாமா எங்கிருந்தாலும் ஓடி வந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அவர் டீக்கடையில் இருந்தால் ஊரே பாதித் தோடியில் தொங்கிக்கொண்டு நிற்கும். எனக்கு இன்றைக்கும் அந்தத் தோடியைக் கேட்டால், நடுவில் ஒரு கரகரப்பும் மாமாவின் இருமலும் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ குறைகிறது.

மூன்றேகால் நிமிஷம் என்றேனே, அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றினால் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷத்துக்கு மேல் இடம் கிடையாது. தட்டு செய்யும் முக்கியச் சரக்கு அரக்கு. மரத்தில் ஒட்டி வாழும் பூச்சி சுரப்பது. உலகத்துக்கே அது பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. அதனால்தான் கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். கோயில் புறப்பாட்டில் ஒரு ராகத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நாலு வீதி சுற்றுகிற ஆளைக் கூட்டிவந்து, ‘மூன்றரை நிமிஷத்தில் முடித்துவிடுங்கள்’ என்றால் எப்படி இருக்கும்? ராஜரத்தினம் பிள்ளை அந்த இடுக்கிலும் தோடியை உட்கார வைத்தார். ஆனால் அவர் ராத்திரி முழுக்க வாசித்த தோடி எது என்று நமக்குத் தெரியாது. கேட்டவர்கள் சொன்னது தெரியும், அவ்வளவுதான்.

மதுரைக்காரர்கள் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள். 1916-ல் மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி, 10 வயதிலேயே ரிக்கார்டு கொடுத்துவிட்டார் என்பார்கள். அந்த வயதுக் குரலிலிருந்து கடைசிவரை நம்மிடம் இருக்கிறது. மதுரை மணி ஐயர் 1968-ல் போய்விட்டார். இன்று நாம் கேட்டு உருகும் மணி ஐயர் பெரும்பாலும் கம்பெனி விற்ற தட்டு இல்லை. வானொலியும் ரசிகர்களும் கச்சேரியில் பிடித்து வைத்த டேப்தான். கனமான டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய், மேடைக்குப் பக்கத்தில் கெஞ்சி இடம் பிடித்து, இருமலும் கைத்தட்டலுமாகப் பதிந்து வைத்தார்களே, அந்த ரசிகர்களுக்கு யாராவது ஒரு சிலை வைக்கலாம். 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் இருக்கும்வரை அந்த வாசிப்பும் இருக்கும்.

சரி, அதே மதுரைச் சீமையில், திருமங்கலத்திலும் பேரையூரிலும் உசிலம்பட்டியிலும் எழுமலையிலும் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாசித்தார்களே, அந்த நாயனக்காரர்கள்? அவர்களை யார் பிடித்து வைத்தார்கள்?

யாரும் இல்லை. கம்பெனிக்காரன் எழுமலைக்கு வரமாட்டான். வானொலியில் அன்றாட ஒலிபரப்பு மங்கள இசையில்தான் ஆரம்பிக்கும். ஆனால் பல நிலையங்களில் டேப் விலை கட்டுப்படியாகாமல், ஒலிபரப்பியதை அழித்து அதே டேப்பில் வேறு பதிந்துகொள்வது வழக்கமாக இருந்தது. சேகரிப்பவர்களும் சும்மா இல்லை. பகலில் கோயிலில் தோடி வாசித்த அதே ஆள், ராத்திரி கரகாட்டத்துக்கு நையாண்டி மேளம் வாசித்தால், ‘அது நம்ம லைன் இல்லை சார்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே மூச்சு, அதே விரல். எங்கள் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசித்துச் சாப்பிட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இன்னொன்றும் உண்டு, சொல்லாமல் விட முடியாது. முகூர்த்தத்துக்கு முன்னால் ‘மேளம், மேளம்’ என்று பறக்கிற ஊர், பந்தி நேரத்தில் மேளக்காரரைக் கடைசிப் பந்திக்குத் தள்ளிவிடும். சில வீடுகளில் திண்ணையிலேயே இலை. அப்படி வைத்திருந்தவர்கள் வாசிப்பை யார் டேப்பில் பிடிக்கப்போகிறார்கள்?

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருந்தது. எழுமலையைச் சுற்றி நாலு ஊருக்கு வாசித்த ஒரு பெரியவரை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். ஒல்லியான ஆள். வாசிக்கும்போது கண்ணை மூடமாட்டார். பந்தலில் ஓடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். விடியலில் அவர் எடுக்கிற பூபாளத்துக்கு, புகைபோட்ட அடுப்புகூடக் கொஞ்சம் அடங்கும் என்று எங்கள் ஆத்தா சொல்லும். அவர் போய் 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் நூற்றுச் சொச்சம் தட்டில் அவர் இல்லை. எப்படி இருப்பார்?

முதலில் கல்யாண வீடியோக்களைத் தேடினேன். 1990-களில் எங்கள் ஊர்ப் பக்கமும் வீடியோ வந்துவிட்டது. நாலைந்து வீடுகளில் கேசட் கிடைத்தது. போட்டுப் பார்த்தால், உங்களுக்கே தெரிந்திருக்கும், மாலை மாற்றும்போது ஒரு சினிமாப் பாட்டு, மெட்டி போடும்போது ஒரு சினிமாப் பாட்டு. எடிட்டிங்கில் பந்தல் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டு, மேலே பாட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீடியோவில் பெரியவரே முழுசாக இருக்கிறார். கன்னம் உப்புகிறது, விரல் ஓடுகிறது. கேட்பதென்னவோ இளையராஜா. நீங்களும் உங்கள் வீட்டு வீடியோவைப் போட்டுப் பாருங்கள், தாலி கட்டும் இடத்துக் கெட்டிமேளம் மட்டும் தப்பித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியில் கிடைத்தது ஒரு ஆடியோ கேசட். என் சித்தி வீட்டுப் பரணில், பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள். 1991-ல் சித்தி மகள் கல்யாணத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த டேப் ரிக்கார்டரை யாரோ பெருமைக்குப் பந்தலில் வைத்து, பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கம் முப்பது. பூஞ்சை பிடித்திருந்தது. நல்ல காலம், நாடா அறவில்லை. பென்சிலை விட்டுச் சுற்றித் தளர்த்தி, ஓட்டைத் திருகாணியைக் கழற்றி வேறு கூட்டுக்கு மாற்றி, மெதுவாக ஓடவிட்டேன்.

வந்தது நாயனம்தான். ஆனால் ஏதோ எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று ஓடியது.

இதற்குக் காரணம் பேட்டரி. பதியும்போது பேட்டரி தளர்ந்திருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். அதே டேப்பை நல்ல மெஷினில் சரியான வேகத்தில் போட்டால், எல்லாம் வேகமாகவும் உச்சியிலும் கேட்கும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். இன்னொரு கொடுமை, பேட்டரி இறங்க இறங்க சுருதி போகப் போக ஏறிக்கொண்டே போகும். கம்ப்யூட்டரில் போட்டு இறக்கலாம். ஆனால் எதுவரை இறக்குவது? வாய்ப்பாட்டு என்றால் குரலை வைத்துத் தோராயமாகச் சொல்லிவிடலாம். நாயனத்தில் சின்னதான திமிரியும் உண்டு, நீளமான பாரியும் உண்டு. திமிரி உச்சத்தில் பேசும், பாரி இறங்கிப் பேசும். பாரி இவ்வளவு பரவியதே ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகுதான். இவர் அன்றைக்கு வாசித்தது எது? எத்தனை கட்டை?

பெரியவரின் மகனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அவரும் வாசிப்பவர்தான். ஐம்பதைத் தாண்டியவர். செண்டை மேளம் வந்த பிறகு முகூர்த்தங்கள் பாதியாகிவிட்டன என்று சொல்வார், கோபமில்லாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு என் வீட்டுக்கு வந்தார். தோளில் நீளமான மஞ்சள் துணிப்பை.

“அப்பா நாயனம்ணே. பரண்லதான் கிடந்துச்சு. நான் இதை எடுக்குறதில்லை.”

“ஏன்?”

“கனமில்ல?” என்றார். எந்தக் கனத்தைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆச்சா மரத்து நாயனம் கறுத்துப்போய் எண்ணெய் குடித்திருந்தது. அணசில் ஒரு சின்ன நசுக்கல். சீவாளி மட்டும் புதுசு, கையோடு கொண்டுவந்திருந்தார். “சீவாளியப் பொறுத்து ஒரு நூல் கூடும் குறையும்ணே, அதையும் கணக்குல வச்சுக்கங்க” என்று சொல்லி, சீவாளியை நாக்கில் நனைத்து, ஊதிப் பார்த்து, ஒரே ஒரு ஸா பிடித்தார். மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழ் வீட்டிலிருந்து ஒரு பையன் ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவர் ஸா பிடிக்க, நான் கம்ப்யூட்டரில் இறக்க, மறுபடி அவர் பிடிக்க, நான் இன்னும் ஒரு இழை இறக்க. ஆரம்பத்துக்கு ஒரு அளவு, பத்து நிமிஷம் தாண்டி ஒரு அளவு, கடைசிக்கு ஒரு அளவு. இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் அவர் வடையைக்கூடத் தொடவில்லை, எண்ணெய்க் கையோடு நாயனத்தைத் தொடக்கூடாது என்றார். கடைசியில் டேப்பில் இருந்த ஸாவும் அறையில் இருந்த ஸாவும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. எலிக்குஞ்சு போய் ஆள் வந்தது.

ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

அழுவார் என்று நினைத்தீர்களா? நானும்தான் நினைத்தேன். அவர் கணக்குப்பிள்ளை மாதிரி கேட்டார். “இது அப்பா.” கொஞ்ச நேரம் கழித்து, “இது சித்தப்பா. அப்பா வெத்தலை போடப் போயிருக்காப்ல.” பிறகு, “இந்தா, அப்பா வந்துட்டாரு.” தவில் யார், தாளம் போட்டது யார், ஒத்து யார் எல்லாம் சொன்னார். தாளம் போட்ட பையன் அவரேதானாம். மோகனத்தில் ஒரு இடத்தில் தாளம் அரை அட்சரம் நழுவுகிறது. “அன்னைக்கு இதுக்குத்தான் அடி வாங்குனேன்” என்று சிரித்தார். பந்தலில் யாரோ ‘சர்பத் வந்துருச்சு, சர்பத்’ என்று கத்துவதும், ஒரு குழந்தை வீறிடுவதும், பெரியவர் வாசிப்பை நிறுத்தாமலே அந்தக் குழந்தையின் அழுகைக்கு மேல் ஒரு சங்கதி போட்டு ஏறுவதும் சுத்தமாகக் கேட்டது. 

இருபத்திரண்டாவது நிமிஷத்தில் நாயனம் பாதியில் அறுந்து, ஒரு சினிமாப் பாட்டு ஆரம்பித்தது. பிற்பாடு யாரோ அந்தக் கேசட்டில் ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்திருக்கிறார்கள். அடுத்து இன்னொரு பாட்டு. நான் நிறுத்தப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“ஓடட்டும்ணே.”

இரண்டு பாட்டையும் முழுசாகக் கேட்டார், கண்ணை மூடாமல், அப்பாவைப் போலவே. பாட்டு முடிந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். பாட்டுப் பிடித்தவர் நிறுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு நாடாவில் பழையது அழியாமல் இருந்தது. முக்கால் நிமிஷம் கெட்டிமேளம், அதற்கு மேல் ஒரு அரை நிமிஷம் பெரியவரின் மத்யமாவதி, அதோடு நாடா தீர்ந்துவிட்டது.

“எனக்குத் தெரியும், இருக்கும்னு” என்றார். நாயனத்தைத் துடைத்து, சீவாளியைக் கழற்றித் தனிப் பொட்டலத்தில் போட்டு, மஞ்சள் பையில் செருகினார். ஆறிப்போன வடையை இப்போதுதான் எடுத்தார். போனில் ஏற்றிக் கொடுத்தேன். பெயர் என்ன போட என்று கேட்டேன். இசைத்தட்டு சேர்க்கிறவன் புத்தி, லேபிள் வேண்டுமே.

“அப்பான்னு போடுங்க. என் மகன் துபாய்ல இருக்கான், அவனுக்கும் ஒண்ணு அனுப்பிவிடுங்கண்ணே. அவனுக்குப் போடுறப்ப தாத்தான்னு மாத்திருங்க.”